கொடிக்கயிற்றுக்கு மேலே சோலார்

சோலார் துறையிலேயே தலை நரைத்தவள் நான். கண்ணுக்கெட்டிய தூரம் பேனல் விரித்த பொட்டல்காட்டுத் திட்டங்களுக்கெல்லாம் தலைமை தாங்கியிருக்கிறேன். ஆனாலும் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டால், நீலசந்திராவில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

மொட்டை மாடியில் தயாராகும் மின்சாரத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பங்கு தர வேண்டும், அதை அவரவர் கரண்ட் பில்லில் கழிக்க வேண்டும் என்று ஒரு விதிக்காக அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கட்டடத்திலாவது செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் வரைவிலிருந்து எடுத்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

நீலசந்திராவில் ஒரு வீட்டுக்காரர் சம்மதித்தார். எங்கள் பொறியாளர்களோ எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களுக்குப் போட்டுப் பழகிய கை. மாடி முழுக்க முழங்கால் உயரத்தில் பேனலை அடைத்து வரைந்துவிட்டார்கள். அந்த அலுவலக மாடிகளில் காக்காகூட உட்காராது. இங்கே குடியிருக்கும் அத்தனை குடும்பங்களின் துணியும் மாடியில்தான் காய்கிறது. வரைபடத்தைப் பார்த்ததும், முதல் மாடியில் குடியிருந்த அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் மேடம், துணிய எங்க ஒணத்தறது? உங்க ஆபீஸ்லயா?"

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் பொறியாளர்களை ஒரு பிடி பிடித்தேன். பேனல்களை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, அடியில் கொடிக்கயிறு கட்ட இடம் விட்டு, மறுபடி வரைந்தார்கள். மழையிலும் துணி நனையாது என்று தெரிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வரைவு விதி மீதான பொது விசாரணை நாளன்று அந்தப் பெண் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். சொந்த வீடு இல்லாதவருக்குப் பங்கு எதற்கு என்று ஓர் அதிகாரி கேட்டார். அந்தப் பெண் கன்னடத்தில் பட்டென்று சொன்ன பதில் இதுதான்: "வீடு அவங்களுதுதான் சார். கரண்ட் பில்லு நாங்கதானே கட்றோம்?"

நான் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தும் அசையாதவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விதி நடைமுறைக்கு வருவதற்குள் அவர் மர்பி டவுனுக்கு வீடு மாறிவிட்டார். அவருடைய பங்கு நீலசந்திரா வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் போனது. மனசு கேட்காமல் போன் செய்து வருத்தப்பட்டேன்.

"அதனால என்னா மேடம்? இங்கயும் மாடி கீது, எல்லாரும் வாடகைதான். நீங்க எப்ப வர்றீங்க?" என்றார்.