அயர்லாந்துப் பெயர்க்காரன்

இல்லாத மனிதர்களுக்கு, ஒருகாலத்தில் இருந்த பெயர்களைத் தேடிக் கொடுப்பது என் தொழில். ரொறன்ரோவில் வரலாற்று நாவல்கள் போடும் ஒரு சிறிய பதிப்பகம். பழைய அயர்லாந்தில் நடக்கிற கதை வந்தால், அதில் வருகிறவர்களின் பெயர்கள் அந்தக் காலத்தில் உண்மையாகவே வழங்கியவைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் அயர்லாந்து வரலாறு படித்த யாழ்ப்பாணத்தானுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? இந்த நாட்டில் தன் பெயரை ஃபோனில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் களைத்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

என்ன வேலை, தம்பி?

நாங்கள் குடியிருக்கும் மல்வேர்ன் பகுதியில் பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் பஸ்ஸில் விசாரித்தார். "பேர் பாக்கிற வேலை, அன்ரி. அயர்லாந்துப் பேர்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. புதிதாகப் பிறந்த பேரனுக்கு ஊர்ச் சாத்திரியார் சொன்ன எழுத்தில் பெயர் கிடைக்காமல் வீடே அல்லாடிக்கொண்டிருந்ததாம். நான் பார்ப்பது கதையில் வரும் ஆட்களின் பெயர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இறங்கும்போது சொன்னார்: "அப்ப அந்த வெள்ளையளுக்கு நட்சத்திரம் ஆர் தம்பி பாத்துக் குடுக்கிறது?"

ஐந்து ஜோன்கள்

எழுதுகிறவர்களுக்கு எப்போதும் வாளேந்திய அரசர்களின் பெயர்தான் வேண்டும், உருளைக்கிழங்குப் பஞ்சகாலத்து ஏழைக் குடியானவனுக்குக்கூட. தேவாலயப் பதிவுகளைத் திறந்தால் ஜோன், பற்றிக், மைக்கல், மறுபடி ஜோன். நான் திருத்தித் திருத்தி ஒரு நாவலில் ஐந்து ஜோன்கள் சேர்ந்துவிட்டார்கள். தகப்பன் பெயரையோ தலைமுடியின் நிறத்தையோ சேர்த்துத்தான் ஊரார் அடையாளம் சொன்னார்கள், அப்படியே போடலாம் என்றேன். சங்கக்கடைக் கந்தையா, மொட்டைக் கந்தையா என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதில் ஒரு சிரமமும் தெரியவில்லை.

எங்கள் எடிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வரலாறு சரி. ஆனால் செம்பட்டை ஜோனைக் காதலிக்கிற பெண்ணை நான் யாருக்கு விற்பது?"

மாமாவின் பெயர்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் நிரோஷா வங்கியில் வேலை செய்துகொண்டு, இடைக்கால அயர்லாந்தை வைத்து ஆங்கிலத்தில் ஒரு காதல் நாவல் எழுதினார். கலியாணம் முடிந்த மறுநாளே கதாநாயகி கணவனின் குடும்பப் பெயருக்கு மாறிவிடுகிறாள். அந்த நாளில் அங்கே பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரோடுதான் இருந்தார்கள் என்றேன். உடனே சொன்னார்: "லக்கி அவையள், அண்ணை. நான் இவற்ற அப்பா, கண்ணாலயும் காணாத மாமாவின்ர பேரையெல்லோ லாஸ்ட் நேம் எண்டு கொண்டு திரியிறன்."

மேகன்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருவர். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஒரு குடும்பத்தின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சின்னப் பிள்ளை, பெயர் மேகன். அழகான பெயர்தான், ஆனால் வேல்ஸ்காரர்களுடையது. அந்தக் காலத்து அயர்லாந்துக் குடியானவன் மகளுக்கு அதை வைத்திருக்க மாட்டான். மேகன் என்பது இவருடைய சொந்த மகளின் பெயர். சின்ன வயதிலேயே நோயில் போய்விட்டாள். புத்தகமே அவளுக்காகத்தான். கப்பல் நடுக்கடலுக்கு வந்த இடத்தில் எழுத்து நின்று பல வருடமாகிவிட்டது. பெயர் பிழை என்று சொல்கிற பொறுப்பை எடிட்டர் என் தலையில் கட்டினார்.

ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை, நேரே போனேன். கோப்பி தந்தார். மேகன் மார்கரெட்டிலிருந்து வந்த செல்லப் பெயர், அதே மார்கரெட்டை அயர்லாந்தில் பெக் என்று கூப்பிட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒரு தகப்பனிடமிருந்து பிள்ளையின் பெயரைப் பறிக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. பெக், பெக் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பிள்ளை கப்பலிலேயே காய்ச்சலில் சாக வேண்டும், அங்கேதான் தன் கை ஓடவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பெக் என்றால் எழுதிவிடுவேன். மேகனை என்னால் இரண்டாம் தடவையும் புதைக்க முடியவில்லை."

இப்போதெல்லாம் யாராவது ஒரு பாத்திரத்துக்குப் பெயர் கேட்டு வந்தால், அது கதையில் பிழைக்குமா சாகுமா என்று விசாரித்துவிட்டுத்தான் வரலாற்றைத் திறக்கிறேன்.