கடுக்காய் மை

இன்று பேத்தி தன் பவுண்டன் பேனாவுக்கு மைப்புட்டியைத் திறந்தபோது எழுந்த துவர்ப்பு வாடையில், பாலாற்றங்கரையில் சுவடுகூட இல்லாமல் போன என் பள்ளிக்கூடம் திரும்பி வந்தது. அங்கே ஒவ்வொரு பெஞ்சிலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மைக்கூடு இருக்கும். தோல் பதனிடும் கிடங்கில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் மட்டும் அதைத் தொடக்கூடாது, வீட்டிலிருந்து மை கொண்டுபோக வேண்டும். கிடங்கின் கடுக்காய்த் தொட்டியில் ஓர் இரும்பாணி விழுந்தாலும் தோல் கறுத்துப்போகும், மேஸ்திரி திட்டித் தீர்ப்பார். அந்தக் கறுப்பைத்தான் அப்பா, துருப்பிடித்த ஆணிகளைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, எனக்கு மையாக்கித் தந்தார்.

வாத்தியாருக்கு அது பிடித்துப்போயிற்று. "உங்கப்பன் மை இன்னா கறுப்பு! அழியவே மாட்டேங்குது. ரிஜிஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துனு வா" என்று வாராவாரம் வாங்கிக்கொண்டார். அதைத் தொட்டு எழுத அவருக்கு ஒருநாளும் கூசியதில்லை.

அப்பா காய்ச்சலில் கிடந்த வாரம் புதிதாக மை ஊறவில்லை. இருந்த கடைசிச் சொட்டும் ரிஜிஸ்டருக்குப் போயிருந்தது. பரீட்சைத் தாளை வெறுமையாக வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? பொது மைக்கூட்டில் ஒரே ஒரு முறை பேனாவை நனைத்தேன். பெஞ்சு முழுக்க எழுந்து விலகி நின்றது. வாத்தியார் கூட்டைக் கழுவி ஊற்றச் சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரைத் திறந்து என் பெயரை அடித்தார்.

அதற்கு அவர் தொட்டுக்கொண்டது அப்பாவின் மையை.