மாக்கிறேட்டின் கராஜில் உரிந்த மேலுதடு

சிட்னி முழுவதிலும் ஒரு பருகூட எட்டிப் பார்க்காத முகம் என்னுடையதுதான். சரி, கூட்டிச் சொல்லிவிட்டேன், எங்கள் புறநகர் டூங்காபியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த டூங்காபியில்தான் மாக்கிறேட் இருக்கிறாள். மன்னாரில் பிறந்தவள். பகலில் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. பின்னேரங்களில் தன் வீட்டுக் கராஜில் எங்கள் பெண்களுக்குப் புருவம் எடுப்பாள், மெழுகு பூசி முடி அகற்றுவாள். அவள் கைபட்டு ஒருத்தியும் அழுததில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரை.

அன்று என் பேரன் கிறிஸ்ரியனைக் கட்டப்போகும் லிண்டா வந்திருந்தாள். மறுநாள் தேவாலயத்தில் கல்யாணம். மூலைக் கதிரையில் என் முறைக்காக நான்.

"முகத்துக்கு மருந்து ஏதும் பாவிக்கிறனீயோ பிள்ளை?" மாக்கிறேட் எல்லோரிடமும் கேட்பதுதான்.

லிண்டா ஒருதரம் என்னைப் பார்த்தாள். "இல்லை அன்ரி."

மேலுதட்டில் மெழுகைப் பூசி, துணியை ஒட்டி, ஒரே இழுப்பு. துணியோடு தோலும் வந்தது. லிண்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாக்கிறேட் துணியை எறிந்துவிட்டு அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"என்ரை மாதாவே! உண்மையைச் சொல்லு, என்ன பாவிக்கிறாய்?"

"பருவுக்கு ஸ்கின் டொக்டர் தந்த குளிசை... அதோட யூரியூப்பில பாத்து வாங்கின அசிட் சீரம். வாக்ஸ் செய்யக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். ஸ்கார் வருமோ அன்ரி?"

"குளிசையால தோல் ரிசுப் பேப்பர் மாதிரி மெல்லிசாப் போயிருக்கும். அதுக்கு மேல அசிட் வேறயோ!"

தேசிக்காய், கற்றாழை என்று நான் தொடங்கினேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ அன்ரி. அவளை ஊறுகாய் போடவே?"

மாக்கிறேட் உடனே கிளினிக்கை அழைத்தாள். தாதி சொன்னாள்: குளிர்ந்த தண்ணீர், மேலே வெறும் வாசலின், சீரத்தை நிறுத்த வேண்டும், காயத்தில் மேக்கப் கூடாது. தழும்பு விழுமா என்பதை டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாள் பீடத்தின் முன் லிண்டா வாசலின் மினுங்கும் உதட்டோடு நின்றாள். படம் பிடிப்பவர் சிரிக்கச் சொன்னபோதெல்லாம் காயம் வெடித்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டொக்டர் இன்னும் "பார்ப்போம்" என்றுதான் சொல்கிறார்.

மெழுகுக்குப் பயந்துதான் பிள்ளை வாய் தடுமாறி "இல்லை" என்றிருக்கிறாள். இந்தக் கதையை இப்படித்தான் எழுதி, அடுத்த முறை கராஜுக்குப் போனபோது மாக்கிறேட்டுக்கு வாசித்தும் காட்டினேன். என் தாடை முடியை எடுத்துக்கொண்டிருந்தவள் நூலை இறக்கினாள்.

"மெழுகுக்கு ஆர் பயந்தது? குளிசை போடுற பொம்பிளை, என்ன நோயோ வருத்தமோ எண்டு மாப்பிள்ளை வீட்டில கதைப்பினம் எண்டு பயந்தவள். மாப்பிள்ளை வீடு அண்டைக்கு அந்தக் கதிரையிலதான் இருந்தது, அன்ரி."