காலைத் தொட்ட பிள்ளை

என் அப்பாவை நான் ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் யாருமே அப்படிக் கூப்பிடமாட்டார்கள். "நீ துன்னியா நைனா?" என்றுதான் கேட்போம். மரியாதை தெரியாத கூட்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். கட்டுமரம் கரையேறியதும் அப்பாவின் தோளில் இருக்கும் துடுப்பை அவர் கேட்காமலே நான் வாங்கிக்கொள்வேன். அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார். எங்கள் மரியாதை அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்பாக்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கேயே அறை எடுத்துத் தங்கினேன். துடுப்பை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊருக்குப் போவேன், விருந்தாளி மாதிரி.

அறையில் கூட இருந்தவர் காசிப் பக்கத்துக்காரர், டெக்னீஷியன். தன் அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் முதல் வரியிலேயே பாதங்களைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் மற்ற விஷயத்துக்கு வருவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு ஞாயிறு அவரையும் ஊருக்கு அழைத்துப்போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் குனிந்து, இரண்டு காலையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா வெடுக்கென்று காலை மடக்கிக்கொண்டார்.

"இன்னாடா இது? உசுரோட கீறவன் காலப் போயி தொடறான்?"

எங்கள் குப்பத்தில் கல்யாணத்தன்று பெரியவர்கள் காலில் விழுவோம்; எனக்கு அது இன்னும் ஆகவில்லை. அதற்கப்புறம் அவர்களைப் பிணமாகக் கிடத்தியிருக்கும்போதுதான். "அவங்க ஊர்ல பெரியவங்களுக்கு அப்டித்தான் நைனா" என்றேன். கிளம்பும்போது நண்பர் மறுபடியும் தொட்டார். இந்தத் தடவை கால் மடங்கவில்லை.

அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் அப்பா, "காலத் தொட்ட புள்ள நல்லா கீறானா?" என்று கேட்பார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, கட்டிலில் இருந்தபடியே இரண்டு காலையும் நீட்டிக்கொள்வார். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் புரியாமல் இல்லை. வெட்கம். அடுத்தவனைப் பார்த்து வேஷம் போடுகிறேன் என்று ஆகிவிடுமோ என்று கூச்சம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று, "வரேன் நைனா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன்.

மார்ச்சளி முற்றி அப்பாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேச்சு நின்றுபோயிருந்தது. இரண்டு நாள் பக்கத்தில் இருந்தேன். லீவு முடிந்தது. "ஞாயித்துக்கெழம வரேன் நைனா" என்றேன். அவர் ஒரு காலால் உதைத்து உதைத்துப் போர்வையைக் கீழே தள்ளினார். இரண்டு காலும் வெளியே தெரிந்தன.

நான் போர்வையை இழுத்து மூடி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். "ஒழுங்கா போத்திக்கினு படு" என்று ஒரு அதட்டல் வேறு போட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரத்தானே போகிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. நண்பரும் என்னோடு வந்தார். வாசலில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். "காலத் தொட்டுக் கும்புடுடா" என்றார் பெரியப்பா. தொட்டேன். அழுகை வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன், வரவில்லை. மரக்கட்டை போல நின்றேன். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் நண்பர் குனிந்து தொட்டார். அவருக்கு அது மூன்றாவது தடவை. எனக்கு முதல் தடவை.