வேலிக்கு வெளியே அம்மா

பிள்ளைகளே, இன்று பூங்காவில் உங்களுக்கு டிக்கெட் வாங்க நின்றபோது கம்பிவேலியின் துரு வாசனை கையில் ஒட்டியது. இப்போது இல்லாமற்போன ராயபுரம் மணல்வெளிக்கு வேலி போட்ட நாள் நினைவுக்கு வந்தது. மீன் விற்றுவிட்டு, தினமும் அலையில் கால் நனைத்த பிறகுதான் என் அம்மா வீடு திரும்புவாள். அன்று நானும் தங்கையும் கூடப் போனபோது, வேலி வாசலில் காவலுக்கு நின்ற எதிர்வீட்டுக்காரர் மறித்தார்.

"பெரியவங்களுக்கு ஓரணாக்கா. பசங்க சும்மா போலாம்."

"எங்கப்பன் கட்டுமரம் தள்ளுன எடம் இது. கடலுக்கு இன்னாத்துக்குப்பா துட்டு?"

"நானா வேலி போட்டேன்? உன்ன வுட்டா என் வேல பூடும்க்கா."

அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டாள், அவிழ்க்கவில்லை. எங்களை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, எங்கள் காலில் அலை ஏறுவதைக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை இரண்டு கைகளிலும் கடல்நீரை அள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினாள். வேலியை எட்டுவதற்குள் எல்லாம் ஒழுகிவிட்டது.