பேப்பருக்குத் தையல் போட்டவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீக்கடையின் பொதுப் பேப்பரை ஸ்டேப்ளரால் அடித்துத் தைத்தவன் நான். அதனால் ஒரு மனிதருக்கு உட்கார இடமில்லாமல் போனது.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் பேப்பர் படிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வீட்டில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கிப் பார்த்தாயிற்று. ஒரு பக்கம் டி.வி., இன்னொரு பக்கம் மிக்ஸி, நடுவில் பேரனின் மொபைலில் துப்பாக்கிச் சண்டை... தலைப்புச் செய்தியையே தாண்ட முடியாது. அதனால் விடிந்ததும் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் இருக்கும் முனிராஜின் டீக்கடைக்குப் போய்விடுவேன்.

அங்கே வேறு தொல்லை. நைட் ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்கள் நான் போவதற்குள் பேப்பரைத் தாள் தாளாகப் பங்கு போட்டிருப்பார்கள். விளையாட்டு ஒருவர் கையில், சினிமா இன்னொருவர் கையில், முதல் பக்கம் போண்டாத் தட்டுக்கு அடியில். முன் பக்கத்தில் தொடங்கும் கட்டுரையின் முடிவைத் தேடினால், அந்தத் தாள் ஒருவரின் கக்கத்தில் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

இதையாவது பொறுக்கலாம். குறுக்கெழுத்தை ஒருவர் எனக்கு முன்னால் பால்பாயின்ட் பேனாவால் நிரப்பிவிடுவார். தப்புத் தப்பாக. நான்கு கட்டத்தில் ஐந்து எழுத்து — கடைசிக் கட்டத்தில் இரண்டை நெருக்கி. ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன் நான். தாங்குமா?

ஒரு ஞாயிறு, கடை திறக்கும்போதே ஸ்டேப்ளரோடு போய் நின்றேன். பேப்பரின் மடிப்பில் வரிசையாக அடித்தேன்.

முனிராஜ் பாலை ஆற்றிக்கொண்டே பார்த்தார். "இன்னா சார், பேப்பருக்குத் தையல் போடறீங்க? எங்கியாவது அடிபட்டுச்சா?"

"ஒழுங்கா இருக்கட்டும்னுதான்" என்றேன்.

அடுத்து வந்த ஞாயிறுகள் சொர்க்கம். முழுப் பேப்பரும் என் மடியில். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்கிய செய்தி, சந்தை விலை நிலவரம் — எனக்கு ஆடும் இல்லை, மாடும் இல்லை, ஆனாலும் விடாமல் படித்தேன். அவசரமில்லாமல், தேவையில்லாததைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு. குறுக்கெழுத்து வெள்ளை வெளேரென்று எனக்காகக் காத்திருந்தது.

ஆனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மொபைலை எடுத்தார்கள். ஒன்றில் குத்துப்பாட்டு, ஒன்றில் கன்னட காமெடி, ஒன்றில் தெலுங்குச் சண்டை. அட, வீட்டிலிருந்து எதற்குத் தப்பி வந்தேனோ, அது இங்கேயே வந்துவிட்டது. நானே வரவழைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பால்பாயின்ட் பேனாக்காரரைக் காணவில்லை என்று உறைத்தது. முனிராஜிடம் கேட்டேன்.

"ஜெபராஜா? தூத்துக்குடிக்காரரு. நான்தான் சார் எழுப்பி உட்டேன். பேப்பர் படிக்கறவனை நான் எழுப்ப மாட்டேன், அது ஒரு மரியாதை. காலி கிளாஸை வெச்சிக்கினு சும்மா உக்காந்திருந்தா, வர்றவன் எங்க உக்காருவான்?"

கொஞ்சம் தள்ளி, பஸ் ஸ்டாப் நிழற்குடையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார் ஜெபராஜ். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்ததும் விழித்துக்கொண்டார்.

"ரூமுக்குப் போகலியாப்பா?"

"நைட் ஷிப்ட் முடிஞ்சி போயி எங்க படுக்க, சார்? மத்த நாள்ல ரூம்ல இருக்கவனுவ டூட்டிக்குப் போயிருவானுவ, பாய் கிடைக்கும். ஞாயித்துக்கெழம ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். சர்ச்சு, மார்க்கெட்டுன்னு கெளம்பினாத்தான் எனக்கு எடம்."

"அந்தப் பேப்பரைத் தைச்சது நான்தான்."

"தெரியும், சார். எல்லாருக்கும் தெரியும்."

என் புத்தி பாருங்கள், அந்த நேரத்திலும் குறுக்கெழுத்துக்குப் போனது. "ஏம்பா, நாலு கட்டத்துல அஞ்சு எழுத்தை எழுதலாமா?"

அவர் கொட்டாவி விட்டார். "நாலு பேரு ரூம்ல நாங்க அஞ்சு பேரு கெடக்கோம், சார். எழுத்துக்கு மட்டும் என்ன?"

"அடுத்த வாரம் கடைக்கு வாப்பா. பேப்பர் தனித்தனியா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு கடைப் பேப்பரைத் தைக்கவில்லை. போதாதென்று என் காசில் இன்னொன்றும் வாங்கி, தாள் தாளாகப் பிரித்து, பெஞ்ச் மேல் பரப்பினேன். மொபைல்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெபராஜும் வரவில்லை. பல வாரங்கள் இப்படியே. தாள்கள் காற்றில் பறந்தன, நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சுகத்தைக் கெடுக்க ஒரு ஸ்டேப்ளர் போதும்... திரும்பக் கொண்டுவர?

போன ஞாயிறு எனக்குப் பேரனால் நேரமாகிவிட்டது. போய்ப் பார்த்தால் ஒரு தாள்கூட மிச்சமில்லை. பெஞ்சின் ஓரத்தில் ஜெபராஜ், கையில் பால்பாயின்ட் பேனா. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

கிளாஸ் காலியானதும் முனிராஜ் வந்து நின்றார். "சார், தப்பா நெனைக்காதீங்க. கையில பேப்பர் இல்லியே. வர்றவங்களுக்குக் கொஞ்சம் எடம் உடுங்க."

எழுந்தேன். நியாயம்தானே?

ஜெபராஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க, சார். இந்த ஓரத்தப் பிடிச்சிக்கிடுங்க."

பிடித்துக்கொண்டேன். ஒரே தாள், இரண்டு பேர். முனிராஜ் பாலை ஆற்றப் போய்விட்டார்.

மூன்று கட்டத்தில் நான்கு எழுத்தை நெருக்கிக்கொண்டிருந்தார் ஜெபராஜ். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தை நிலவரத்தைப் படித்தேன்.