கள்ளிப்பழத் தொதல்

தாம்பரத்துப் பக்கம் வந்த புதிதில் என்னைக் குழப்பியது ஒரு தூக்குவாளி. மாடம்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் தனம் அக்கா, வாரத்துக்கு ஒருமுறையாவது அதில் மீன் குழம்போ சாம்பாரோ கொண்டுவந்து தருவார். அந்தத் தெருவில் யாருடைய பாத்திரமும் வெறுமையாகத் திரும்புவதில்லை. இரண்டு எலுமிச்சம்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்பார்கள். எங்கள் மன்னாரிலும் அதுதானே வழக்கம். ஆனால் என்னை மட்டும் அக்கா அந்த வழக்கத்திலிருந்து விலக்கி வைத்திருந்தார்.

"நீ இன்னாத்தம்மா குடுக்கப் போற? கழுவிக் குடு, போதும்."

அன்பாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். எண்பதுகளின் நடுவில் மன்னாரிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் நாங்கள். சிலோன்காரர் என்றால் வீடு தரவே யோசித்த காலத்தில் இடம் கொடுத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறை அந்த வாளியைக் கழுவித் துடைத்து நீட்டும்போதும் எனக்கு அவமானமாக இருந்தது. வாங்கிக்கொள்வதற்கு மட்டுமே பிறந்தவள் போல நிற்க என்னால் முடியவில்லை.

ஏரிக்கரைப் பக்கம் அப்போது வெறும் பொட்டல். மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். கல்லுக்குக் கல் நடுவே நாகதாளி புதராக மண்டி, கருஞ்சிவப்பாகப் பழுத்துக் கிடந்தது. இங்கே அதைச் சப்பாத்திக்கள்ளி என்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. மன்னாரில் நாங்களும் அப்படித்தான். சின்ன வயதில் வாயெல்லாம் சிவக்கத் தின்றுவிட்டு வீட்டில் அடி வாங்கியதோடு சரி. பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அதை யார் அடுப்பில் ஏற்றுவார்கள்? ஆகவே இது அம்மா சொல்லித் தந்த பலகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முழுக்க முழுக்க என் மூளையில் உதித்தது.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய முள்ளைக் கண்டு பயப்பட வேண்டாம்; பழத்தின் மேல் பஞ்சு மாதிரி இருக்கும் பொடி முள்தான் எமன். கிடுக்கியால் பறித்துச் சாக்கில் போட்டு மணலோடு சேர்த்து உருட்ட வேண்டும். பிறகு நெருப்பில் வாட்டி, கீறி, உள்ளே நட்சத்திரம் போல் இருக்கும் முள்ளை எடுத்துவிட்டு, பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்ட வேண்டும். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் எண்ணெய் பிரியும் வரை கிண்டிக்கொண்டே இருங்கள். கள்ளிச் சாற்றைத் தனியே சீனியோடு பாகாக்கி, கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் நிறம் மங்கிப்போகும். நான் இரண்டு தரம் கெடுத்துத்தான் இதைக் கற்றேன். மூன்றாம் தரம் தட்டில் கொட்டியபோது, செம்பருத்திப் பூவின் நிறத்தில் பளபளவென்று, எங்கள் ஊரில் அல்வா போலக் கிண்டும் தொதல். வேலையிலிருந்து வந்த என் கணவர் இது சாப்பிடவா, கோலத்துக்கா என்று கேட்டார்.

துண்டு போட்டு, தூக்குவாளி நிறைய அடுக்கிக்கொண்டு போனேன். அக்கா திறந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. எதில் செய்தது என்று கேட்டார். பெருமையோடு சொன்னேன், எந்த மனையில் பறித்தேன் என்பது உட்பட. அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா பண்ணிட்ட? அது எங்க மனை. தானா மொளைச்ச கள்ளிதான், திருஷ்டிக்குன்னு வெட்டாம வுட்டு வச்சிருக்கேன். ஊர்க் கண்ணையெல்லாம் தாங்கிக்கினு கீது. அதைப் போயி துன்ற பண்டமா பண்ணிக்கினு வந்துகீற."

இங்கே வீடு கட்டுகிறவர்கள் கள்ளியை எதற்கு விட்டுவைக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அந்த வாளியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடப்பதை நினைத்தபோது பயத்தைவிட ரோஷம் பெரிதாக வந்தது.

"அக்கா, ஊர்க்கண் எல்லாம் எங்களுக்கே வரட்டும். கண் வைக்க எங்களிட்ட என்ன கிடக்கு? ஆனா உங்கட வாளியை இனி வெறுமனே தரமாட்டன்" என்றேன். சொல்லிவிட்டு, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொல்லி, ஒரு துண்டை எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். "நல்லாத்தாம்மா கீது" என்றார், உதடெல்லாம் சிவக்க. "கழுவிக் குடு, போதும்" என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மனையில் வீடு எழும்பிக் கிரகப்பிரவேசம் வந்தது. அக்காவே வந்து அந்தச் சிவப்புப் பலகாரம் வேண்டும் என்று கேட்டார். நான் பழம் பறிக்க, அவர் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குப் பயந்து எட்டி நின்றார். விருந்தன்று லட்டு மீந்தது, தொதல் மிஞ்சவில்லை. பந்தியில் இருந்த ஒருவர், இது எந்த ஊர்ப் பலகாரம் என்று கேட்டார். நானும் அக்காவும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.

"சிலோன்" என்றார் அக்கா, பெருமையாக.

"மாடம்பாக்கம்" என்றேன் நான், அவருக்குக் குறையாத பெருமையோடு.

கேட்டவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இலையை நீட்டி, இன்னும் இரண்டு வைக்கச் சொன்னார்.